தொப்பி கொடுத்து வாங்கிய வேதம்

தங்கச்சி, வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள் உன் வீட்டுக்கு வந்தபோது நீ மண்வெட்டியால் சேற்றை வழித்துக்கொண்டிருந்தாய். சுவரில் தண்ணீர் நின்ற கோடு உன் நெஞ்சளவுக்குத் தெரிந்தது. பிள்ளையின் பள்ளிக்கூடக் கொப்பிகள் ஊதிப்போய்ப் பாண் மாதிரித் திண்ணையில் காய்ந்தன. என்னைப் பார்க்காமலே கேட்டாய்: "அண்ணன், நான் என்ன பிழை விட்டனான்? எனக்கு விசுவாசம் காணாதாம். ஜெபிக்க வந்தவர் சொல்லிப்போட்டுப் போறார்."

அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. மற்ற மண்வெட்டியை எடுத்துக்கொண்டேன். சேறு வழிக்கிற நேரம் பிரசங்கத்துக்கு ஆன நேரம் இல்லை. இப்போது எழுதுகிறேன்.

முதலில் அந்த ஜெபிக்க வந்தவர். அப்படிப்பட்டவர் மறுபடி வந்தால் பிளேன்ரீ ஒன்று ஊற்றிக் கொடு, மரியாதையாக வாசல்வரை கொண்டுபோய் விடு, சொன்னதை மட்டும் வீட்டுக்குள் விடாதே. மழைக்கு உன் விசுவாசத்தின் அளவு தெரியாது. டித்வா புயல் 2025 நவம்பர் கடைசியில் மலைநாட்டில் கொட்டிய தண்ணீர் மகாவலியால் இறங்கி, அதன் கிளையான நம் வெருகலாற்றாலும் கடலுக்குப் போக வேண்டும். மாவிலாற்றுக் கட்டு உடைந்தபோது தண்ணீர் சபையாரின் வீடு, முருகனைக் கும்பிடுகிறவர் வீடு, பள்ளிவாசலுக்குப் போகிறவர் வீடு என்று பார்த்து ஏறவில்லை. ஆற்றுக்குத் தெரிந்த நியாயம்கூட அந்த மனிதருக்குத் தெரியவில்லை.

யோபுவின் கதை உனக்குத் தெரியும். பிள்ளைகள், மாடுகள், உடம்பு என எல்லாம் போய்ச் சாம்பலில் உட்கார்ந்திருந்தவனைப் பார்க்கக் கூட்டாளிகள் மூன்று பேர் வந்தார்கள். ஏழு நாள் இரவும் பகலும் வாய் திறக்காமல் பக்கத்தில் இருந்தார்கள். அதுவரை நல்ல மனிதர்கள்! பிறகு வாயைத் திறந்தார்கள். உன்னில் ஏதோ பிழை இருக்கிறது, அதுதான் இப்படி என்று விளக்கம் சொல்லத் தொடங்கினார்கள். கதை முடிவில் கடவுள் யாரோடு கோபித்தார் தெரியுமா? தன்னோடு வழக்காடிய யோபுவோடு இல்லை, தனக்காக வக்காலத்து வாங்கிய அந்த மூன்று பேரோடுதான். எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். இந்த முடிவை அழுத்திச் சொன்ன பிரசங்கங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

ஆகவே அழு. கேள். சண்டை பிடி. சங்கீதப் புத்தகத்தில் உள்ள 150 பாட்டுகளில் கணிசமான பங்கு புலம்பல்தான். எவ்வளவு காலத்துக்கு இப்படி, ஏன் ஒளிந்துகொண்டாய் என்று கடவுளின் சட்டையைப் பிடித்து உலுக்குகிற பாட்டுகள். சிலுவையில் தொங்கியவர் கடைசி நேரத்தில் கேட்டதும் ஏன் என்னைக் கைவிட்டாய் என்ற அந்தப் பழைய பாட்டின் கேள்வியைத்தான். கேட்கிறவனுக்கு விசுவாசம் குறைவு என்றால் அவருக்கும் குறைவுதான். அப்படிச் சொல்ல யாருக்காவது துணிவு இருக்கிறதா?

அழுகை முடிந்ததும் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அதை எனக்குச் சொல்லித்தந்தது பிரசங்க மேடை அல்ல, அம்மம்மா. நீ அப்போது சின்னப் பிள்ளை, உனக்கு ஞாபகம் இருக்காது.

2006 ஜூலையில் மாவிலாற்றுக் கதவை மூடினார்கள். அதைத் திறக்க என்று தொடங்கிய சண்டை ஓகஸ்டில் மூதூருக்கு வந்தது. சம்பூர்ச் சனமும் மூதூர் கிழக்குச் சனமும் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு நம் ஈச்சிலம்பற்றுக்கு ஓடிவந்தார்கள். பள்ளிக்கூடங்கள் நிறைந்தன, மரத்தடிகள் நிறைந்தன. இரண்டு வருடத்துக்கு முன் சுனாமி அடித்த கரை அது, இன்னும் கூரை முழுதாக ஏறாத வீடுகள். சில மாதத்தில் நாமும் கிளம்ப வேண்டியதாயிற்று. வெருகல் கடந்து கதிரவெளி, அங்கிருந்து வாகரை. நவம்பர் 8 அன்று கதிரவெளி விக்னேஸ்வரா பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த சனத்தின் மேல் ஷெல் விழுந்தது. அதைப் பற்றி நான் இதற்கு மேல் எழுதப்போவதில்லை. எழுத முடியாது.

அம்மம்மா வீட்டை விட்டு வரும்போது மூன்று சாமான் எடுத்தாள். அடையாள அட்டையும் பிறப்பத்தாட்சிப் பத்திரங்களும் போட்ட சொப்பிங் பை. மட்டை கழன்ற வேதம். முழங்கை அளவில் ஒரு சீலைப் பை நிறைய விதைநெல். பெரும்போகத்துக்கு வைத்தது. நாங்கள் பசியில் அந்தப் பையைப் பார்ப்போம். அவள் அதைத் தலைக்கு வைத்துப் படுப்பாள். மாமா ஒருநாள் கேட்டே விட்டார், உயிர் போன பிறகு யாருக்கு விதைக்கப்போகிறாய் என்று. அவள் மறுபக்கம் திரும்பிப் படுத்தாள், அவ்வளவுதான்.

வாகரையில் அடுத்த தறப்பாளில் ஒரு தாய் இருந்தாள், மூன்று பிள்ளைகள். யார் எவர் என்று எங்களுக்குத் தெரியாது. நம் சபையும் இல்லை, சமயமும் இல்லை. ஓர் இரவு கடைசிப் பிள்ளை அழுத அழுகை அழுகை மாதிரியே இல்லை, பூனைக்குட்டி முனகுவது மாதிரி இருந்தது. அம்மம்மா எழும்பினாள். சீலைப் பையின் முடிச்சைப் பல்லால் அவிழ்த்தாள். உரல் ஏது? பனங்குற்றி ஒன்றின் குழியில் போட்டு, கட்டைப்பாரின் மொட்டைப் பக்கத்தால் இடித்தாள். பாதி உமியோடு ஒரு கஞ்சி. அந்தப் பிள்ளைகள் குடித்து முடிக்கும்வரை எங்களில் யாரையும் அவள் கிட்டே விடவில்லை. மிஞ்சியது எங்களுக்கு.

கடைசியில் ஒரு பிடி நெல்லை மட்டும் திரும்பப் பையில் போட்டு முடிந்தாள். எதுக்கு அம்மம்மா என்று கேட்டேன்.

"அது ஊருக்குப் போக."

ஊர் எங்கே இருக்கிறது, இருக்கிறதா என்றே யாருக்கும் தெரியாத இரவு அது. அடுத்த ஜனவரியில் மட்டக்களப்பு முகாமுக்குப் போனோம், அங்கே அந்த ஒரு பிடியை எலி தின்றுவிட்டது. நான் அழுதேன். அவள் சிரித்தாள்: "எலிக்கும் பசிதானே புள்ள." ஊர் திரும்பியபோது நிவாரணத்தில் வந்த விதைநெல்லைத்தான் விதைத்தோம். அந்தப் பிடி நெல் முளைக்கவே இல்லை. முளைத்தது என்று எழுதினால் கதை அழகாக இருக்கும், ஆனால் பொய்.

இனி ஒரு வெள்ளைக்காரனின் கதை. நம் மண்ணில் பிடிபட்டவன் என்பதால் சொல்கிறேன்.

1660 ஏப்ரலில் கொட்டியாரக்குடாவில் 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் நங்கூரம் போட்டு நின்றது. புயலில் பாய்மரத்தை இழந்து, திருத்த வந்த கப்பல். கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் நயமாகப் பேசிக் கரைக்கு அழைத்துக் கப்பல் தலைவனையும் மாலுமிகளையும் பிடித்துக்கொண்டார்கள். பிடிபட்ட இடம் என்று மூதூரில் ஒரு புளியமரத்தடியில் பிறகு கல் நட்டார்கள். தலைவனின் மகன் ரொபர்ட் நொக்ஸ். அப்போது வயது 19. தகப்பனையும் மகனையும் குருநாகல் பக்கம் பண்டார கொஸ்வத்தை என்ற ஊரில் கொண்டுபோய் விட்டார்கள். இருவருக்கும் விடாத காய்ச்சல். அடுத்த பெப்ரவரியில் தகப்பன் செத்துப்போனார்.

பிணத்தைத் தூக்க உதவி கேட்டு நொக்ஸ் ஆள் அனுப்பினான். ஊரார் கொண்டுவந்தது மாடு கட்டுகிற கயிறு! காட்டுக்குள் இழுத்துப்போகலாம் என்று. அவன் சம்மதிக்கவில்லை. எழும்பி நிற்கவே முடியாத காய்ச்சலோடு, கூலிக்கு ஓர் ஆளைப் பிடித்து, காய்ந்து கல்லான மண்ணில் குழியின் பெரும்பகுதியைத் தானே வெட்டினான். ஒரு வயலின் வடக்குப் பக்கம், மர நிழலில் தகப்பனை வைத்தான்.

அவன் கூட ஒரு பையன் இருந்தான். தகப்பன் பறங்கிப்பேட்டையிலிருந்து வேலைக்குக் கூட்டிவந்த கறுத்தப் பையன். நொக்ஸ் எழுதி 1681 இல் லண்டனில் வெளிவந்த புத்தகம் உலகம் முழுக்கப் போனது, அந்தப் பையனின் பெயர் மட்டும் அதில் இல்லை. நம் மொழி பேசிய பிள்ளையாகத்தான் இருந்திருப்பான் என்பது என் எண்ணம். வேதம் நொக்ஸின் கைக்கு வந்ததற்கு அவனும் காரணம்.

தகப்பன் போன பிறகு நொக்ஸிடம் இரண்டு பக்திப் புத்தகங்கள்தான் இருந்தன. மனப்பாடம் ஆகும்வரை படித்தாயிற்று. ஒருநாள் ஓடையில் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கும்போது அந்த வழியால் போன கிழவர் ஒருவர் பையனிடம் விசாரித்தார்: உன் எசமானுக்குப் புத்தகம் வாசிக்கத் தெரியுமா? கொழும்பைப் போர்த்துக்கேயர் விட்டுப்போனபோது என் கையில் ஒன்று அகப்பட்டது. வாங்கித் திறந்தால் ஆங்கில வேதாகமம். நொக்ஸுக்குக் கை நடுங்கியது. கையிலுள்ள காசு முழுவதையும் கொடுக்கப் போனான். பையன் தடுத்தான். காசு உனக்கு வேறு தேவைக்கு வேண்டும், புத்தகத்தைப் பெரிதாக மதிக்காதவன் மாதிரி முகத்தை வை, நான் குறைய வாங்கித் தருகிறேன் என்றான். பறங்கிப்பேட்டைச் சந்தையில் வளர்ந்த பிள்ளை அல்லவா! கடைசியில் விலை என்ன தெரியுமா? பின்னல் தொப்பி ஒன்று.

காட்டு நடுவே மறியல்காரன் நொக்ஸ் பிழைப்புக்குத் தொப்பி பின்னி விற்றவன். கை சும்மா இருக்கவில்லை. அந்தக் கை பின்னியதுதான் வேதத்துக்கு விலையானது. வானத்திலிருந்து விழும் என்று மேலே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அது வரவில்லை, தங்கச்சி. வேலை செய்துகொண்டிருந்தவனின் வாசலுக்கு வந்தது. அப்போதும் ஒரு பையனின் புத்தி தேவைப்பட்டது.

திறந்ததும் அவன் கண் விழுந்த பக்கம் அப்போஸ்தலர் நடபடிகள் 16 ஆம் அதிகாரம். பவுலும் சீலாவும் அடிபட்டுத் தொழுமரத்தில் கால் மாட்டி, நடுச்சாமத்தில் பாடுகிற இடம். நிலம் அதிர்கிறது, கதவுகள் திறக்கின்றன. கைதிகள் ஓடிவிட்டார்கள் என்று பயந்து சிறைக்காவலன் தன்னைத்தானே குத்திக்கொள்ளப் போகிறான். உள்ளே இருட்டிலிருந்து பவுல் சத்தம் போட்டுத் தடுக்கிறான். சிறையில் கிடந்தவன் சிறை காத்தவனைக் காப்பாற்றுகிறான். விசுவாசித்தவுடன் அந்தக் காவலன் முதலில் என்ன செய்தான் என்று திரும்ப வாசித்துப் பார். அந்த இராத்திரியிலேயே அவர்களின் காயத்தைக் கழுவுகிறான். வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு வைக்கிறான்.

காயம் கழுவுதல், சோறு போடுதல். அம்மம்மா அந்த அதிகாரத்தை எத்தனை தடவை வாசித்தாளோ எனக்குத் தெரியாது. அந்த இரவு பனங்குற்றியில் இடித்தது அதைத்தான்.

நொக்ஸ் அதன் பிறகும் பல வருடம் காத்திருந்தான். காத்திருந்தான் என்றால் மடியில் கை கட்டியல்ல. ஸ்டீபன் ரட்லண்ட் என்ற கூட்டாளியோடு சில்லறை வியாபாரி மாதிரி வடக்குப் பக்கம் போய்ப்போய் வந்தான். ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சத் தூரம் வழியைப் படித்தான். வறட்சி மறித்தது, நோய் மறித்தது, திரும்பினான், மறுபடி போனான். 1679 ஒக்ரோபரில் அநுராதபுரக் காடு தாண்டி, மல்வத்து ஓயாவைப் பிடித்துக்கொண்டு மன்னார்க் கரையில் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தபோது அவனுக்கு 38 வயது. வாழ்ந்த நாளில் பாதி மறியல்.

இந்த இடத்தில் நிறுத்தினால் நல்ல சாட்சிக் கதை. நான் நிறுத்த மாட்டேன். அதே நொக்ஸ் பின்னாளில் கிழக்கிந்தியக் கம்பனிக் கப்பலுக்குத் தலைவனாகி மடகாஸ்கரில் மனிதர்களை அடிமையாக வாங்கிச் செயின்ட் ஹெலனா தீவுக்குக் கொண்டுபோனான். பத்தொன்பது வருடம் கைதியாகக் கிடந்தவன்! தகப்பனை மாட்டுக் கயிற்றில் இழுக்கவிடாதவன், வேறு தகப்பன்மாரைக் கயிற்றில் கட்டினான். அந்த அதிகாரத்தில் கதவு திறந்த பகுதி அவனுக்குப் பிடித்திருக்கலாம். காயம் கழுவிய பகுதியில் கண் நிற்கவில்லைபோலும். துன்பம் எல்லாரையும் நல்லவர் ஆக்கும் என்று சொல்கிறவர்களை நம்பாதே. துன்பம் பலம் தரும். அந்தப் பலத்தை எங்கே போடுவது என்பது பிறகு நாம் தீர்மானிக்கிற காரியம்.

அதே கண்டியில், சில வருடம் கழித்து, இன்னொரு கைதி. கோவாவில் 1651 இல் பிறந்த குரு யோசேப்பு வாஸ். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடை செய்திருந்த காலத்தில் கூலியாள் வேஷத்தில் 1687 இல் யாழ்ப்பாணம் வந்தவர். தமிழ் படித்தார், சிங்களம் படித்தார். 1692 இல் கண்டிக்குப் போனதும் போர்த்துக்கேய ஒற்றன் என்று மறியலில் போட்டார்கள். பிறகு 1697 இல் அந்த நகரத்தை அம்மை பிடித்தது. வசதியுள்ளவர்கள் ஓடினார்கள், நோயாளிகளைக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். வாஸ் ஓடவில்லை. தன்னைச் சிறை வைத்த ஊரின் நோயாளிகளைக் கழுவினார், ஊட்டினார், செத்தவர்களுக்குக் குழி வெட்டினார். என்ன சமயம் என்று கேட்கவில்லை. 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். நாம் கத்தோலிக்கர் இல்லை என்று சொல்லி இவரை விட்டுவிடாதே. காயம் கழுவுகிற கைக்கு எந்தச் சபைப் பதிவும் வேண்டாம்.

சரி, இப்போது உன் விஷயம்.

உன் வயல் மணல் மூடிக் கிடக்கிறது. உரத்தடை வந்த 2021 இல் பட்ட கடனே அடையவில்லை. அடுத்த வருடம் நாடே வங்குரோத்து ஆனது. அந்தக் கடனை அடைக்க எடுத்த நுண்கடன், அந்த நுண்கடனை அடைக்க இன்னொரு நுண்கடன். புருஷன் கட்டாரில். இரவில் யானை வேலியை முறிக்கிறது, பகலில் லோன்காரர் படலையில் மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறார். ஒன்று சொல்லட்டுமா, கோபிக்காதே. லோன்காரர் வரும்போது நீ அறைக்குள் போய் முழங்காலில் நிற்கிறாய், பிள்ளையை விட்டு "அம்மா இல்லை" என்று சொல்ல வைக்கிறாய். அந்த முழங்காலை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஜெபம் ஒளிகிற இடம் ஆகக்கூடாது, தங்கச்சி. எழும்புகிறதற்காகத்தான் முழங்காலில் நிற்கிறோம்!

வெட்கம் உனக்கு எதற்கு? வட்டியைக் கூட்டிக்கூட்டி எழுதியவர்கள் வெட்கப்படட்டும். 2021 மார்ச்சில் பொலன்னறுவை மாவட்டத்தில் ஹிங்குராக்கொடையில் உன்னைப் போலக் கடன்பட்ட பெண்கள் தெருவோரத்தில் பந்தல் போட்டு வாரக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். பெரும்பாலும் சிங்களப் பெண்கள், புத்தரைக் கும்பிடுகிறவர்கள், அதே மாதிரிக் கடன் புத்தகத்தில் அதே மாதிரிக் கையெழுத்துப் போட்டவர்கள். அவர்களின் கடன் அடுத்த நாளே அழிந்துபோகவில்லை. ஆனால் தனித்தனியாக அறைக்குள் ஒளிந்தவர்கள் ஒரே பாயில் உட்கார்ந்தார்கள். அன்றைக்கு உன் சபையில் எத்தனை பேருக்கு இதே கடன் இருக்கிறது என்று கேட்டேனே, உனக்குத் தெரியவில்லை. ஞாயிறுதோறும் பக்கத்தில் இருந்து பாடுகிறீர்கள். ஒருத்தியின் கடன் மற்றவளுக்குத் தெரியாது! சாட்சி சொல்லும் நேரத்தில் வென்ற கதையை மட்டும்தான் சொல்ல வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? தோற்றுக்கொண்டிருக்கிற கதையையும் எழும்பிச் சொல். நீ சொன்னால் இன்னும் மூன்று பேர் சொல்வார்கள், பார்.

கடன் புத்தகங்கள் எல்லாவற்றையும் எடு. வெள்ளத்தில் நனைந்தவை என்றால் வெயிலில் காய வை, ஒட்டிய தாள்களை உரிக்காதே, தானாக விடட்டும். எவ்வளவு எடுத்தாய், எவ்வளவு கட்டினாய் என்று ஒரு கொப்பியில் எழுது. வெள்ளச் சேதத்துக்குக் கிராம சேவகரிடம் பதிந்தாயா? பதியவில்லை என்றால் நாளைக்கே போ. இல்லாவிட்டால் பெயர் இல்லாத வீடு ஆகிவிடும் உன் வீடு. பின் வளவில் மணல் குறைந்த மூலையில் கீரையும் பயற்றையும் போடு. அதற்கான விதை என்னிடம் இருக்கிறது.

இதெல்லாம் விசுவாசமா, உலகக் காரியம்தானே என்று யாராவது கேட்பார்கள். தொப்பி பின்னுவது உலகக் காரியமா? பனங்குற்றியில் நெல் இடிப்பது? எனக்குத் தெரிந்த விசுவாசம் ஒரு பிடியை முடிந்து வைத்துவிட்டு மீதியைப் பக்கத்துத் தறப்பாளுக்குக் கஞ்சியாக்கும். அந்த ஒரு பிடியையும் எலி தின்னலாம். தின்றது. அம்மம்மா சிரித்துவிட்டு ஊருக்குப் போனாள், மண்வெட்டி எடுத்தாள்.

லோன்காரரின் சென்டர் கூட்டம் செவ்வாய் பத்து மணிக்கு என்றாய். இந்த முறை ஒளிய வேண்டாம். மேல்வீதி அக்காவுக்கும் அதே நாள்தானாம், கேட்டுவிட்டேன். முஸ்லிம் சகோதரி ஒருவரும் கிளிவெட்டிப் பக்கமிருந்து வருகிறார், அவரிடம் மூன்று கடன் புத்தகம். ஒன்பதரைக்கு உன் படலையடியில் நிற்போம். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, கொப்பியை எடுத்துக்கொண்டு வா.